பழைய வீட்டை வாங்கித் திருத்த எவ்வளவு முடியும்?

கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. அலுவலக வேலை. கணவர் கட்டாரில். இருவரும் சேர்த்த காசும், கனடாவில் இருக்கும் தம்பி தருவதாகச் சொன்னதும் சேர்த்தால் 65 இலட்சம் ரூபா வரும். வைப்பில் போட்டு வட்டி எடுப்பதைவிட, பழுதடைந்த வீடொன்றை வாங்கித் திருத்தி, வாடகைக்கு விட்டு, சில வருடங்களில் விற்கலாம் என்பது யோசனை. இரண்டு வீடுகளைப் பார்த்திருக்கிறார்.

முதலாவது, மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 வீதியில் இருந்து சற்று உள்ளே, தொண்ணூறுக்கு முன் கட்டிய 1,200 சதுர அடி ஓட்டு வீடு. பாதிக்குத்தான் கூரை மிஞ்சியிருக்கிறது. உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணி. உரிமையாளர் வெளிநாட்டில், அவருடைய அற்றோணித் தத்துவத்தை (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தை) வைத்திருக்கும் உறவினர் 45 இலட்சம் கேட்கிறார். பின்வளவுக் கொட்டிலில் ஒரு குடும்பம் பல வருடமாக இருக்கிறது. இரண்டாவது, விசுவமடுப் பக்கம், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. கூரை உண்டு, பூச்சும் நிலமும் இல்லை. பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி. 14 இலட்சத்துக்கு “எழுதித் தருகிறோம்” என்கிறார்கள்.

வாசகி யூடியூப்பில் ஒரு கணக்குப் பழகியிருக்கிறார். திருத்தியபின் வீடு என்ன விலை போகுமோ அதில் 70 வீதத்தை எடுத்து, திருத்தச் செலவைக் கழித்தால், மிஞ்சுவதுதான் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை. மாங்குளம் வீடு திருத்தியபின் 90 இலட்சம் பெறும்; அதில் 70 வீதம் 63; திருத்தச் செலவு 18 போக 45. கேட்கிற விலையும் 45, எனவே சரி என்கிறார். அந்த 18 இலட்சம், 1,200 சதுர அடியை 1,500 ரூபாவால் பெருக்கி வந்தது. விசுவமடு வீட்டைப் பார்த்த மேசன் ஒருவர் வாசலில் நின்றபடியே “எல்லாம் அஞ்சு இலட்சத்துக்குள்ள முடிச்சுத் தாறன்” என்றாராம். மாங்குளம் வீட்டுக்கு இரண்டு இலட்சம் முற்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறார்கள். “திருத்தச் செலவை நானே மதிப்பிடப் பழகுவது எப்படி? இரண்டில் எதை வாங்கலாம்? தம்பியின் பெயரையும் உறுதியில் போடலாமா?” இவைதான் கேள்விகள்.

சகோதரி, முற்பணத்தை இந்த வாரம் கொடுக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், மூன்று ஹாட்வெயார்க் கடைகளில் சீமெந்து விலை கேட்டு எழுதியிருப்பது. ஒரு பை 2,000 ரூபா, மணல் ஒரு கியூப் (100 கன அடி) 16,000, மேசனுக்கு நாட்கூலி 4,500, உதவியாளுக்கு 3,000 என்று எல்லாம் குறித்து வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் எத்தனை பை, எத்தனை கியூப், எத்தனை நாள் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. விலை தெரியும், அளவு தெரியாது. அளவு கையில் இல்லாததால்தான் யாரோ சொன்ன சதுர அடிக் கணக்கைப் பிடித்துக்கொண்டீர்கள்.

90 எங்கிருந்து வந்தது?

எழுபது வீதக் கணக்கு அமெரிக்காவில் வீடு வாங்கித் திருத்தி உடனே விற்பவர்களின் குத்துமதிப்பு. அங்கே பக்கத்து வீடு போன மாதம் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பல மாநிலங்களில் யாரும் பார்க்கலாம். மிச்ச 30 வீதத்துக்குள் விற்கும் செலவு, விற்கும்வரை ஓடும் வட்டி, இலாபம் எல்லாம் அடங்கும். கணக்கில் பிழை இல்லை. அதற்குள் போடும் இரண்டு எண்களும் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் 90 இலட்சம், ஏ9 வீதிக்கு முகம் பார்த்த வேறொரு வீட்டின் விளம்பரத்தில் இருந்து வந்தது. முதலில், அது கேட்ட விலை. விற்ற விலை யாருக்குத் தெரியும்? உறுதியில் எழுதும் தொகையை நம்பிப் பார்க்கலாம் என்றால், முத்திரைத் தீர்வையைக் குறைக்க அதைக் குறைத்து எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அடுத்தது, ஏ9 முகப்புக் காணியின் விலை கடை போடலாம் என்பதற்கான விலை. உள்வீதிக்கு அது பொருந்தாது. வெளிநாட்டில் இருந்து ஆடி ஆவணியில் விடுமுறைக்கு வருபவர்கள்தான் இந்தப் பக்கம் பெரிய தொகைக்கு வாங்குபவர்கள். அவர்கள் வராவிட்டால் அடுத்த வருடம் வரை வீடு பூட்டித்தான் கிடக்கும்.

இப்போது எண்களைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வீடு 75 இலட்சம்தான் பெறும், திருத்த 30 இலட்சம் முடியும் என்று வைத்தால், 75 இல் 70 வீதம் 52.5, அதில் 30 போனால் 22.5. அதே கணக்கு, அதே வீடு, கொடுக்கக்கூடிய விலை பாதியாகிவிட்டது. ஆகவே அந்தக் கணக்கு சொல்லும் விடையைவிட, அதற்குள் போட்ட திருத்தச் செலவு எவ்வளவு உறுதியானது என்பதே உங்களுக்கு முக்கியம்.

வாடகையையும் பார்த்துவிடுவோம். மாதம் 30,000 வரும் என்கிறீர்கள், வருடத்துக்கு 360,000. 63 இலட்சம் போட்டால் 5.7 வீதம், செலவு ஏறி 75 ஆனால் 4.8 வீதம். வங்கி உங்களுக்கு என்ன வட்டி தருகிறது என்பதோடு இதை ஒப்பிடுங்கள். இதில் வீடு ஆளில்லாமல் கிடக்கும் மாதங்களையும் நான் கழிக்கவில்லை.

ஒரு பூச்சு வேலையைக் கணக்குப் பார்ப்போம்

சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்கு ஓரளவு சரி வரும். ஏனென்றால் புது வீட்டில் எல்லா வேலையும் உண்டு, அத்திவாரத்தில் இருந்து பெயின்ற் வரை. திருத்த வேலையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டுக்குக் கூரை மட்டும், இன்னொன்றுக்கு நிலமும் பூச்சும். இரண்டுக்கும் ஒரே சதுர அடி விலை எப்படிப் பொருந்தும்?

விசுவமடு வீட்டை எடுங்கள். 22 அடிக்கு 25 அடி என்று வைப்போம், 550 சதுர அடி. சுற்றுச்சுவர் 94 அடி. உள்ளே 22 அடியில் இரண்டு குறுக்குச் சுவர், 44 அடி. மொத்தம் 138 அடி. உயரம் 10 அடி, ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு பக்கம். 2,760 சதுர அடி வருகிறது. கதவு, யன்னல் இடைவெளிகளுக்கு ஏறத்தாழ 400 கழித்தால் 2,350 அளவில் நிற்கும். 550 சதுர அடி வீட்டில் பூச வேண்டியது 2,350 சதுர அடி, நிலத்தின் நான்கு மடங்குக்கு மேல்! மேசன் வாசலில் நின்று பார்த்தது வீட்டின் ஒரு பக்கத்தைத்தான்.

சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவையில், அரை இஞ்சிக்குச் சற்று மேல் தடிப்பில், 100 சதுர அடிக்கு ஒரு பை சீமெந்து போகும். 25 பை என்று வையுங்கள், சிந்துவதையும் சேர்த்து. மணல் ஒன்றரைக் கியூப். ஒரு நல்ல மேசனும் ஓர் உதவியாளும் ஒரு நாளில் 80 முதல் 100 சதுர அடி பூசுவார்கள். 90 என்று எடுத்தால் 26 நாள். உங்கள் விலைப்படியே, சீமெந்து 50,000, மணல் 24,000, கூலி 195,000. மொத்தம் 269,000 ரூபா. சாரம் கட்ட, தண்ணீர் இறைக்க, ஏற்றி இறக்க எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை.

மேசன் சொன்ன ஐந்து இலட்சத்தில் பாதிக்கு மேல் பூச்சோடு போய்விட்டது. மிச்சத்தில் நிலம், கதவு யன்னல், வயரிங், கழிவறை, பெயின்ற் எல்லாம் முடியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். தொடங்கினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தொகை அது. எங்கள் ஊரில் பாதி வேலைகள் அப்படித்தான் தொடங்குகின்றன, பாதியில் நிற்பதும் அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 269,000 இல் 70 வீதத்துக்கு மேல் கூலி. சீமெந்து பைக்கு 200 ரூபா குறைத்து வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது 5,000. மேசன் நாளுக்கு 90 பூசாமல் 70 பூசினால் எட்டு நாள் கூடும், அது 60,000. நீங்கள் மூன்று கடை ஏறி விசாரித்தது சீமெந்து விலையை. விசாரிக்க வேண்டியது, இந்த மேசன் கடைசியாகப் பூசிய வீட்டை எத்தனை நாளில் முடித்தார் என்பதை. நாட்கூலிக்கு விடாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று அளவுக் கூலிக்குப் பேசினால் இந்த நிச்சயமின்மை குறையும். ஆனால் அப்போது அவசரத்தில் பூச்சு மெலியும், தண்ணீர் விட்டு ஆற வைக்காமல் அடுத்த சுவருக்குப் போவார்கள். அருகில் நின்று பார்க்க ஆள் இருந்தால் அளவுக் கூலி, இல்லாவிட்டால் நாட்கூலி என்பது என் எண்ணம்.

மணல் விடயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. “ஒரு லோட்” என்பது அளவல்ல. உழவு இயந்திரப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் வகுத்தால் கியூப் வரும். 10 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 82.5 கன அடி, ஒரு கியூப்புக்குக் குறைவு. ஈர மணல் பருத்து நிற்கும், அளவு கூடக் காட்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத மணலை மலிவென்று வாங்காதீர்கள். பிடிபட்டால் வேலை நின்றுவிடும்.

மாங்குளம் வீட்டில் கண்ணுக்குத் தெரியாதவை

இந்த வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முதலில் கூரை. 30 அடிக்கு 40 அடி வீடு, நாலு பக்கமும் இரண்டடி தாழ்வாரம், 30 பாகை சாய்வு என்றால் கூரையின் பரப்பு 1,700 சதுர அடிக்கு மேல். தாழ்வாரத்தோடு சேர்ந்த தரையளவை 1.15 ஆல் பெருக்கினால் போதும், இந்தச் சூத்திரத்தை எழுதி வையுங்கள். பாதிக் கூரை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சப் பாதி தேறுமா என்பது தெரியாது. ஏணி வைத்து ஏறி, பழைய ஸ்குரூ டிரைவரால் கூரையைத் தாங்கும் கைமரத்தின் முனையில், சுவருக்குள் போகும் இடத்தில், குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் அங்கேதான் முதலில் உக்கும். நடுவில் முதிரை போல உறுதியாக இருக்கும், முனையில் விரலால் கிள்ளலாம். சுவர் வழியே ஏறும் கறையான் மண்கோடு தெரிந்தால் ஓடு தாங்கும் சலாகைகளைப் புதிதாகவே கணக்கில் போடுங்கள். புது மரம் வேறு இடத்தில் இருந்து ஏற்றி வருவதென்றால் வனத் திணைக்கள அனுமதியும் வேண்டும், அதற்கு நாளும் போகும்.

சுவர் வெடிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் மயிர்போல ஓடுவது பூசினால் போய்விடும். யன்னல் மூலையில் இருந்து சரிவாக ஏறி, உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு அத்திவாரத்தின் பேச்சு. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியைப் போல, களிப்பாங்கான நிலம் மாரியில் ஊறிப் பருத்து கோடையில் சுருங்கும். மேலே பூசப் பூச மறுபடி வெடிக்கும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஓடினால் அசைவு நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். போர்க்காலத்தில் சன்னமும் எறிகணைச் சிதறலும் பட்ட குழிகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அவை பெரும்பாலும் பூச்சு வேலைதான். தூணிலோ பீமிலோ கொங்கிறீற் உடைந்து கம்பி துருவோடு வெளியே தெரிந்தால் அது வேறு கணக்கு, ஒரு பொறியியலாளர் வந்து பார்க்காமல் அதற்கு விலை போட வேண்டாம். சுவரில் முளைத்த ஆலும் அரசும் இலையைக் கிள்ளுவதால் சாகாது. வேர் போன தூரத்துக்குச் சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வளவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அயலில் கேளுங்கள். சொந்தக்காரர் சொல்லமாட்டார், அயலவர் சொல்லுவார்கள். நிலத்தை ஓரடி உயர்த்தினால் போதும் என்று தோன்றும்; நிலம் உயர்ந்தால் கதவு குட்டையாகும், கதவை உயர்த்த லின்ரலை (கதவுக்கு மேலே போகும் பீமை) உடைக்க வேண்டும்.

கிணறு. நீண்ட காலம் கைவிட்டுக் கிடந்த கிணற்றை இறைக்கவோ வளவில் குழி தோண்டவோ தொடங்குமுன், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள். மலக்குழியைக் கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளிப் போட இடம் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே அளந்துவிடலாம். வயரிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு பழைய வீட்டில் முழுவதும் புதிது. மின்கம்பத்தில் இருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதை மட்டும் எண்ணுங்கள், இணைப்புச் செலவு தூரத்தோடு ஏறும்.

பத்து வீதம் மேலதிகமாக ஒதுக்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விசுவமடு மாதிரி வீட்டுக்கு, எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால், அது போதும். மாங்குளம் வீட்டுக்கு நான் 25 வீதத்துக்குக் குறைய வைக்கமாட்டேன். அதோடு 45 உம் 18 உம் 63. உங்களிடம் உள்ளது 65. முத்திரைத் தீர்வையை நீங்கள் எழுதவேயில்லை. வழமையாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்; 45 இலட்சத்துக்கு 179,000. நொத்தாரிசு கட்டணம் தனி. மிஞ்சியிருந்த இரண்டு இலட்சமும் கல் ஒன்று வைக்குமுன்பே முடிந்துவிட்டது.

பத்திரத்தைப் பார்க்காமல் அளவு நாடா எடுக்க வேண்டாம்

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வன்னியில் திருத்த மதிப்பீடு செய்யும் எவரும் இதைக் கேட்காமல் வேலை தொடங்கக்கூடாது. பேர்மிட் காணியை அனுமதிப்பத்திரக்காரர் உறுதி எழுதி விற்க முடியாது. கிராண்ட் (அரசின் அளிப்புப் பத்திரம்) கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. “எழுதித் தருகிறோம்” என்று வெள்ளைத்தாளில் தரும் எழுத்துக்கு 14 இலட்சம் கொடுத்து, மேலே ஏழெட்டு இலட்சத்தை அந்தச் சுவரில் பூசினால், நாளைக்கு அவர்களின் பிள்ளைகளோ பிரதேச செயலகமோ கேட்கும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இராது. 2012 இல் தொடங்கிய கட்டத்தில் அந்த இந்திய வீட்டுத்திட்ட வீடுகளுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. காசு போதாமல் கடன்பட்ட குடும்பங்கள் பல. விற்பவர்களின் நெருக்கடி எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் அந்த வீட்டை இந்த நிலையில் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மாங்குளம் வீட்டுக்கு ஒரு சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தோம்பு, அதாவது காணி கைமாறிய பதிவு, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அற்றோணித் தத்துவம் பதியப்பட்டிருக்கிறதா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவமும் முடிந்தது. சகோதரங்களுக்குப் பங்கு இருந்தால், வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கக்கூடும். இதெல்லாம் முடியுமுன் கொடுத்த முற்பணத்தைத் திரும்பக் கேட்டு அலைவது பெரும்பாடு. பிறகு கொடுப்பதானாலும், உறுதியில் குறை இருந்தாலோ கூரையும் தூணும் பொறியியலாளர் பார்த்தபின் ஒத்துவராவிட்டாலோ முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கொட்டிலில் இருக்கும் குடும்பத்தை “பிறகு எழுப்பலாம்” என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யார் எழுப்புவது? பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் ஆட்சியுரிமை கோர வழக்குக்குப் போகலாம். அதைவிட, ஆளில்லாக் காலத்தில் அந்த வளவைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களாகத்தான் இருக்கும். அவர்களோடு பேசி முடிப்பது விற்பவரின் பொறுப்பு, உறுதி எழுதுமுன் முடிய வேண்டும்.

தம்பி கனடாக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை இரட்டைக் குடியுரிமையாக மீளப் பெறாதவர் என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அவருடைய பெயருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. அவருடைய காசு கடனா, பங்கா என்பதை உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். உடன்பிறப்புகளுக்குள் எழுத்து எதற்கு என்று நினைப்பீர்கள். வீடு விற்ற பிறகு அதே கேள்வி வேறு தொனியில் வரும்.

காலமும் செலவுதான்

2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை, 2022 இல் மூவாயிரத்தை எட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி மறுபடி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் தை மாதம் போட்ட மதிப்பீட்டை ஆடியில் அப்படியே பாவிக்க வேண்டாம். வேலை தொடங்கும் கிழமையில் விலைகளை மட்டும் மாற்றுங்கள், அளவு மாறாது. கூரை வேலையை ஐப்பசிக்கு முன் முடிக்கப் பாருங்கள். காலபோக அறுவடை வந்தால் உதவியாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றினால் பூச்சை ஆற வைக்கத் தண்ணீர் பவுசரில் வரும், அதுவும் காசு. அறையொன்று கூட்டிக் கட்டும் எண்ணம் இருந்தால் பிரதேச சபையின் அனுமதிக்குப் போகும் நாட்களையும் சேருங்கள்.

பழகுவது எப்படி?

வாங்கப்போகும் வீட்டில் பழக வேண்டாம். இப்போது நீங்கள் இருக்கும் வீட்டில் தொடங்குங்கள். 5 மீற்றர் நாடா, சதுரக் கோட்டுக் கொப்பி, பென்சில். சுவர், நிலம், கூரை, கதவு யன்னல் என்று வேலை வேலையாக ஒரு பக்கம். சுவரும் நிலமும் சதுர அடி, கொங்கிறீற் கன அடி, மரம் நீள அடி, கதவு எண்ணிக்கை. ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல்லில் 100 சதுர அடிச் சுவருக்கு 112 கல் அளவில் போகும். உடைவதற்குச் சேர்த்து 118 என்று போடுங்கள். பிறகு அயலில் வீடு திருத்தும் ஒருவரிடம் கேட்டு, அந்த வீட்டையும் அளந்து, அவருடைய பற்றுச்சீட்டுகளோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். எங்கே பிழைத்தது என்பது உடனே தெரியும், அநேகமாகக் கூலி நாளில்தான்.

மாகாணத் திணைக்களங்கள் பாவிக்கும் கட்டட வேலை விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது, பிஎஸ்ஆர் என்பார்கள். அரச வேலைக்கான விலை, உங்கள் ஊர் மேசனுக்குப் பொருந்தாது. ஆனாலும் வேலைகளின் பெயர் வரிசைக்காக அதைப் பாருங்கள். பழைய பூச்சைக் கொத்தி இறக்குவது, இடிபாட்டை ஏற்றி எறிவது, கறையான் மருந்து போன்றவற்றை மனக்கணக்குப் போடுபவர்கள் எல்லோரும் மறப்பார்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை, கூலி கொடுத்து, வாங்குமுன் ஒரு நாள் மாங்குளம் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். முதலில் உங்கள் மதிப்பீட்டை எழுதி முடித்துவிட்டு, பிறகு அவருடையதைக் கேளுங்கள். மேசன்மார் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மொத்தத் தொகை கேட்காமல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒருவர் கூரைக்குக் குறைத்தும் பூச்சுக்குக் கூட்டியும் சொன்னால், ஏன் என்று கேட்க அப்போது உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

தோம்பு சரியாக வந்து, கொட்டில் பிரச்சினையும் தீர்ந்தால், மாங்குளம் வீட்டை முழுக்கத் திருத்தாமல், கூரை, இரண்டு அறை, கழிவறை, கிணறு என்று முதல் கட்டமாக முடித்து வாடகைக்கு விடலாம் என்பது ஒரு வழி. அப்படியானாலும் 45 இலட்சம் அதிகம். உங்கள் அளவுத் தாளை மேசையில் வைத்துப் பேசிக் குறையுங்கள். விலை இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஏ9 நெடுகிலும் கூரையில்லா வீடுகளுக்குக் குறைவில்லை.

மாங்குளம் வீட்டின் சுவர் நீளம், உயரம், வெடிப்புகள் இருக்கும் இடம், உக்கிய மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி அனுப்பினால் கூலி நாட்களைப் பார்த்துச் சொல்கிறேன். புகைப்படம் வேண்டாம், அளவு மட்டும் போதும்.